ரெண்டில் வைத்தால் ஆறு

"யாரு சொன்னா?" என்று அவர் கேட்கும்போது குரலில் சண்டை இருக்காது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலத்தான் கேட்பார். பதில் தெரிந்தால் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் சங்கடப்பட வேண்டியது நாம்தான்.

நான் முதன்முதலாகச் சங்கடப்பட்டது அவர் வேலைக்கு வந்த வாரத்திலேயே. ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தோட்டத்து மக்களுக்குப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொடுக்க உதவும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றின் கிளை அது. நான் யாழ்ப்பாணத்தான். அரசாங்கக் கந்தோர்களில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கிளைக்குப் பொறுப்பாக இருந்தேன். அவரை எடுத்தது கூட்டித் துடைக்கவும் தேநீர் போடவும். முப்பத்தைந்து வயது இருக்கும். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடித்து வந்தபோது, அவர் கணினி மேசைக் கதிரையில் உட்கார்ந்து ஒரு சிறிய ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். கணினியோடு வந்த கைநூல் அது. நாங்கள் ஒருவரும் அதைத் திறந்தும் பார்த்ததில்லை.

"பிள்ளை, அந்தக் கதிரையில இருக்கக் கூடாது," என்றேன்.

"யாரு சொன்னா சேர்?"

யோசித்துப் பார்த்தேன். கொழும்புத் தலைமையகம் சொல்லவில்லை. சுற்றறிக்கை எதிலும் இல்லை. நான்கூட அதற்குமுன் யாருக்கும் சொன்னதில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன்.

"அப்ப சரிங்க," என்று பக்கத்தைப் புரட்டினார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்க இப்போது ஆள் எங்கே என்று தெரியாது. கேட்காமல் எழுதினால் அவர் என்ன கேட்பார் என்பது தெரியும்.

எல்லாவற்றையும் எதிர்க்கும் ஆள் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. எதிர்க்கமாட்டார், சோதித்துப் பார்ப்பார். நோர்வூட்டுக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், பஸ் நிலையத்தில் மூன்று நாள் நின்று பார்த்து, ஆறு மணிக்குப் பிறகு பலகையில் எழுதாத பஸ் ஒன்று போகிறது என்று கண்டுபிடித்தார். அதன்பிறகு எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் அந்த பஸ்ஸில்தான் போனார்கள். இன்னொரு முறை, குளிர் தாங்காமல் யாரோ கொண்டுவந்த மின் அடுப்பில் 'வேறு எதனுடனும் சேர்த்துப் பொருத்த வேண்டாம்' என்று எழுதியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டுத் தேநீர்க் கேத்தலையும் அதே இடத்தில் பொருத்தினார். மாடி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. கீழ்க்கடை முதலாளி சிங்களத்தில் ஏசிக்கொண்டே படியேறி வந்தார். இவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் அடுப்பின் வயரைக் கழற்றியபடி, "இதச் சரியாத்தான் எழுதியிருக்கான் சேர்," என்றார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் கேட்டேன். கொழும்பில் ஒரு கணினிக் கடையில் ஆறு வருடம் இருந்தாராம். போனது அங்கேயும் தேநீர் ஊற்றத்தான். இரண்டாம் வருடத்தில் பெட்டிகளுக்குத் தூசு தட்டக் கொடுத்தார்கள். மூன்றாம் வருடம், பழுது பார்ப்பவர் வராத ஒரு நாளில், தூசு தட்டிய பெட்டி ஒன்றை இவரே சரியாக்கிக் கொடுத்திருக்கிறார். அங்கே வந்து போகிற பிராசசர்களில் நூறு, நூற்றி முப்பத்திமூன்று என்று வேகம் அச்சடித்திருக்கும்.

"ஒரே மாதிரி செஞ்சு, ஒண்ணுல நூறுன்னு அடிக்கிறாங்க, ஒண்ணுல நூத்தி முப்பத்திமூணுன்னு அடிக்கிறாங்க சேர். நூறுன்னு அடிச்சதுல பாதி, அதவிடக் கூடவே ஓடும். ஓடாததும் இருக்கு. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். நா ஒண்ண எரிச்சும் இருக்கேன். ரெண்டு படி ஒண்ணா ஏத்திப்புட்டேன்."

"பிறகு?"

"பொறகு ஒண்ணு படிச்சுக்கிட்டேங்க. ஏத்துறதுக்கு முன்னாடி, எறங்கி வர்ற வழிய எழுதி வெச்சிரணும்."

அப்பாவுக்குச் சுகமில்லாமல் போகவே ஊருக்குத் திரும்பிவிட்டார். இங்கே கணினி வேலைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ் கேட்டார்கள். அதனால் மறுபடியும் தேநீர்க் கேத்தலிலிருந்து தொடங்கியிருந்தார். இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது. ஆனால் நான் அதற்கு ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில்தான் நடமாடும் சேவைகள் நடந்தன. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள். அரசாங்க அதிகாரிகள் ஒரு தோட்டத்துப் பாடசாலைக்கோ மண்டபத்துக்கோ வந்து ஒரே நாளில் அடையாள அட்டை விண்ணப்பங்களை ஏற்றுக்கொள்வார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு எங்கள் கணினிதான் கதி. தோட்டப் பதிவேடுகளில் இருந்த பல்லாயிரம் பெயர்களை வருடக்கணக்காக அதில் ஏற்றி வைத்திருந்தோம். பெயரைத் தேடி எடுத்து ஒரு கடிதம் அச்சிட்டுக் கொடுத்தால் பக்கத்து மேசை அதிகாரி அதை ஏற்றுக்கொள்வார்.

பெயரைத் தேடுவதுதான் பெரும்பாடு. பழைய கணக்கப்பிள்ளைமார் லெட்சுமியை ஆங்கிலத்தில் எட்டு விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் எழுத்தை விட்டு ஓசையை வைத்துத் தேடும்படி ஒரு நண்பர் நிரல் எழுதித் தந்திருந்தார். எங்கள் கணினியோ யாரோ பாவித்துக் கழித்து நன்கொடையாகத் தந்தது. நூறு மெகாஹெர்ட்ஸ். ஒரு பெயரைத் தேட நான்கு நிமிடம் எடுத்தது.

நோர்வூட்டில் நடந்த சேவையை நான் மறக்கவில்லை. காலை ஏழு மணிக்கே வரிசை பாடசாலை வாசலைத் தாண்டியிருந்தது. அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு வந்தவர்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். நான்கு மணிக்கு அதிகாரிகள் கோப்புகளைக் கட்டியபோது பாதி வரிசை அப்படியே நின்றது. நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். முன்னால் நின்ற ஒரு பெண், "பரவாயில்லீங்க ஐயா, அடுத்த தடவ வர்றோம்," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று எங்களுக்குத் தேநீர் ஊற்ற வந்திருந்த இவர், பகல் முழுவதும் கணினிப் பெட்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் வான் வண்டியில் சொன்னார்.

"தேடுறப்ப டிஸ்க் லைட்டு மின்னவே இல்ல சேர். மின்னாம இருந்தா டிஸ்க்கு சும்மா இருக்குன்னு அர்த்தம். பிராசசர்தான் தெணறுது. அதக் கொஞ்சம் ஏத்தலாம்."

"வேண்டாம் பிள்ளை. உதுதான் எங்களிட்ட இருக்கிற ஒரே மிசின். உதுக்கு ஒண்டு நடந்தா அவ்வளவு சனத்தின்ர பேரும் போயிடும்."

"யாரு சொன்னா போயிரும்னு?"

"நான் சொல்லுறன்," என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை கணினியைப் போட்டு ஒரு பெயரைத் தேடினேன். மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"நாந்தாங்க. பெட்டிக்குள்ள இருக்கிற பலகையில ஒரு ஜம்பர் இருக்கு, சின்னத் தொப்பி மாதிரி. பலகையோட அறுபத்தாற எத்தன மடங்காக்கணும்னு அதுதான் சொல்லும். ஒண்ணரையில இருந்திச்சு, ரெண்டுக்கு மாத்தினேன். இப்ப நூத்தி முப்பத்திமூணுல ஓடுது. ஞாயித்துக்கெழம முழுக்க ஓடவிட்டு வெரல் வெச்சுப் பாத்தேன். சூடு தாங்குது."

"ஆரைக் கேட்டுத் திறந்தனீர்? வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ?"

"சொன்னீங்க. திரும்ப நூறுக்கே வெச்சிரட்டுமா? ரெண்டு நிமிசத்து வேல."

வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. கந்தோரில் பழகிய ஆட்களுக்குத் தெரிந்த மௌனம் அது. சரியாக வந்தால் நமக்கும் பங்கு, பிசகிவிட்டால் நமக்குத் தெரியாது. இனிமேல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

மூன்று நிமிடம் என்பதும் போதாது. அடுத்த சேவை வட்டவளையில் என்று அறிவித்திருந்தார்கள். நோர்வூட்டில் திரும்பிப் போனவர்களும் அங்கேதான் வருவார்கள். அவர் கொழும்புக்குப் போய், பழைய கடையில் ஒரு பகல் முழுவதும் பழுதுகள் பார்த்துக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாகப் பாவித்த பிராசசர் ஒன்றை வாங்கி வந்தார். வேறொரு கம்பெனியின் தயாரிப்பு. நானூறு மெகாஹெர்ட்ஸ். எங்கள் பலகையில் அது உட்காரும் என்றார்.

நான் கைநூலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பலகை ஏற்கக்கூடிய அதிகபட்சம் இருநூற்றுச் சொச்சம் என்று அச்சில் இருந்தது. அவரிடம் காட்டினேன்.

"இத அச்சடிச்சப்ப இந்தப் பிராசசர் பொறக்கவே இல்ல சேர். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொழும்பைக் கேட்க வேண்டும் என்றேன். கேளுங்கள் என்றார். எழுதினேன். பதில் வரவில்லை. சேவைக்குப் பத்து நாள் இருந்தது. "அப்ப கூடாது," என்று முடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க அலுவலகத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கூட்டித் துடைப்பவரிடம்தான் கதவுத் திறப்பு இருக்கும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. கணினி மூடி கழன்று மேசையில் கிடந்தது. பழைய பிராசசர் ஒரு சுத்தமான துணியில் இருந்தது. மேசையின் மறுபக்கம் ஃப்ளொப்பிகள் அடுக்கடுக்காக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்தின் பெயர். அத்தனை மக்களின் பெயர்களையும் மூன்று நாட்களாக அவர் பிரதி எடுத்து வைத்திருந்தார். நான் பொறுப்பாளனாக இருந்த அத்தனை வருடத்தில் என் புத்திக்கு எட்டாத காரியம் அது.

ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த அடுக்கைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கூடாது எண்டு சொன்னது சொன்னதுதான்," என்றேன். "ஆனா நான் எழும்பிப் போகேல்லை."

"சரிங்க," என்று வேலையைத் தொடர்ந்தார்.

பொத்தானை அமர்த்தினார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எனக்கு நோர்வூட் வரிசை கண்ணுக்குள் வந்தது. அவர் மின்சாரத்தை நிறுத்தினார். பக்கத்திலிருந்த கொப்பியைத் திறந்தார். பழைய ஜம்பர்கள் எந்த ஊசியில் இருந்தன என்று சின்னச் சின்னப் படங்களாக அதில் வரைந்திருந்தது.

"மொதல்ல திரும்பிப் போவோம் சேர். பழசப் போட்டு உசுரு இருக்கான்னு பாத்துக்கிட்டு வருவோம்."

பழைய பிராசசரைப் பொருத்தி, படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினார். கணினி உயிர்த்தது. பிறகு கொப்பியை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். மின்னழுத்தத்துக்கான ஜம்பரை ஒரு ஊசி தள்ளிப் போட்டிருந்தார். "எம் பிழதாங்க," என்று மறுபடியும் தொடங்கினார்.

இம்முறை நானும் குனிந்து பார்த்தேன். வேகத்துக்கான ஜம்பர் பழையபடி இரண்டிலேயே இருந்தது.

"பிள்ளை, உதை இன்னும் ரெண்டில விட்டிருக்கிறீரே. மூண்டரை வரைக்கும் இடமிருக்குது."

"நானூறுக்கு ஆறு மடங்கு வேணும், இந்தப் பலகையில ஆறு கெடையாதுங்க. ஆனா இந்தப் பிராசசருக்கு ரெண்டுன்னு சொன்னா அது ஆறுன்னு எடுத்துக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பழைய பலகைக்காரங்களும் பொழைக்கட்டும்னு யாரோ நல்ல மனுசன் யோசிச்சிருக்கான்."

பொத்தானை அமர்த்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. முதல் வரியில் நூற்றி முப்பத்திமூன்று என்று காட்டியது. எனக்கு மனம் விழுந்துவிட்டது.

"அதே பழைய கணக்குத்தானே காட்டுது."

"பலகைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சேர். பேரு சொல்லுங்க, தேடிப் பாப்போம்."

நான் லெட்சுமி என்றேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் லெட்சுமிகள் திரை நிறைய வந்து நின்றார்கள். ஐம்பது விநாடி.

நான் இன்னொரு பெயர் சொன்னேன். பிறகு இன்னொன்று. அன்று பகல் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து, காகிதம் மடித்துச் செருகினார். குளிர் உள்ளே வர வேண்டும், ஈரம் படியும் அளவுக்கு மூடுபனி வரக் கூடாது. மணிக்கு ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, பிராசசரின் மேலுள்ள உலோகத் தகட்டில் விரல் வைத்துப் பார்த்தார். "கொழும்புல இதுக்கு இன்னொரு ஃபேன் போடணுங்க. ஹட்டன்ல ஆண்டவன் ஓசியிலயே போட்டுருக்கான்," என்றார்.

வட்டவளைக்குக் கணினியைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போனோம். வழி முழுவதும் அதை மடியில் வைத்திருந்தவர் அவர். வழக்கமாகக் கணினியில் தட்டச்சு செய்யும் பையனுக்கு அன்று காய்ச்சல் என்று காலையில் செய்தி வந்தது. இல்லாவிட்டாலும் நான் அவரைத்தான் உட்கார வைத்திருப்பேன் என்று சொல்ல ஆசை. உண்மை தெரியாது. எப்படியோ, அவர் கணினிக்கு முன் உட்கார்ந்தார். நான் தேநீர் ஊற்றினேன்.

ஆட்கள் வந்து பெயரும் அப்பா பெயரும் பிறந்த தோட்டத்து டிவிஷனும் சொன்னார்கள். அவர் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முடிவதற்குள் கடிதம் அச்சாகி வரும். பதினொரு மணியளவில் பக்கத்து மேசையில் இருந்த சிங்கள அதிகாரி பேனாவைக் கீழே வைத்து விரல்களை நீவிக்கொண்டே, "டிக்கக் ஹெமின்," என்றார். கொஞ்சம் மெதுவாக என்று. நோர்வூட்டில் அதிகாரிகள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். இங்கே நாங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தோம்.

நோர்வூட்டில் என்னிடம் பரவாயில்லை என்று சொன்ன பெண்ணும் வந்திருந்தார். அவருடைய பெயரைப் பதிவேட்டில் யாரும் யூகிக்க முடியாதபடி எழுதியிருந்தார்கள். அதுவும் கிடைத்தது. கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானாங்க?"

"அவ்வளவுதாங்க்கா. அந்த மேசைக்குப் போங்க," என்றார் இவர்.

மூன்றரைக்கு வரிசை முடிந்துவிட்டது. மண்டபத்தில் யாரும் இல்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போய், இன்னும் யாராவது வருகிறார்களா என்று பாதையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்குப் பிள்ளைகள் மூன்று பேர், மூவரும் படித்தவர்கள். அவர்கள் பட்டம் வாங்கிய நாட்களிலும் நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை.

இரண்டு வாரத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வட்டவளையில் நடந்ததை யாரோ பாராட்டிச் சொல்லியிருக்கிறார்கள். பாராட்டு மேலே போகும் வழியில் விசாரணையாக மாறிவிட்டது. நன்கொடையாகக் கிடைத்த இயந்திரத்தை அனுமதியின்றித் திறந்து மாற்றியது யார், விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். நான் ஒரு பதில் எழுதி, தட்டச்சு செய்ய அவரிடமே கொடுத்தேன். என் அனுமதியுடனும் என் மேற்பார்வையிலும் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தேன். அவர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் மேசையில் வைத்தார்.

"நீங்க அனுமதி குடுக்கலியே சேர். கூடாதுன்னுதானே சொன்னீங்க."

"உம்மை வேலையால நிப்பாட்டிப் போடுவினம் பிள்ளை. நான் ஓய்வுக்காரன். எனக்கு என்ன?"

"நிப்பாட்டுனா நிப்பாட்டட்டுங்க. செஞ்சது நானு. அத எடுத்து வேற ஆளு பேருல போட்டா, அப்பறம் நா செஞ்சதுன்னு என்ன இருக்கு?"

அவரே எழுதினார். தமிழில், ஒரே பக்கம். பொறுப்பாளர் இரண்டு தடவை மறுத்தார், நான் செய்தேன், பெயர்களைப் பிரதி எடுத்த பிறகுதான் தொட்டேன், முன்பு நான்கு நிமிடம், இப்போது ஐம்பது விநாடி, பழைய பிராசசர் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமென்றால் அதையே பொருத்தித் தருகிறேன். கீழே கையெழுத்து. நான் பேனாவை எடுத்து அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'நான் மறுத்தது பிழை. இவர் செய்தது சரி.' அவர் அந்த வரியை வாசித்தார். உறையை ஒட்டித் தபாலுக்குக் கொண்டுபோனார்.

பதில் வரவில்லை. ஒரு மாதம் அவர் வழக்கம்போலக் கூட்டித் துடைத்தார். தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பிறகு ஒரு நாள் ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து, உங்கள் அலுவலகத்துக்குச் சாமான் வந்திருக்கிறது என்று தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இருவரும் போனோம். பார்சல் அறையில் மூன்று பெரிய அட்டைப் பெட்டிகள் இருந்தன. பதுளை, மாத்தளை, இரத்தினபுரிக் கிளைகளின் பழைய கணினிகள். முதல் பெட்டியில் தலைமையகத்தின் கடிதம் ஒட்டியிருந்தது. ஹட்டனில் செய்தது போலவே இவற்றுக்கும் செய்து திருப்பி அனுப்பவும், தேவையான பிராசசர்கள் உள்ளே உள்ளன என்று இரண்டே வரி.

பார்சல் எழுத்தர் பதிவேட்டை விரித்து, "மேக்க காட்டத?" என்று கேட்டார். இது யாருக்கு என்று. கை பழக்கத்தில் என் சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது. பெட்டியைப் பார்த்தேன். பெறுநர் என்ற இடத்தில் கிளைப் பொறுப்பாளர் என்று இல்லை. செல்வி என்று போட்டு அவருடைய முழுப் பெயரையும் தட்டச்சு செய்திருந்தார்கள்.

"மே நோனாட்ட," என்றேன். இந்த அம்மாவுக்கு என்று.

எழுத்தர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். நான் என் பேனாவைக் கொடுத்தேன். அவர் பெட்டிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.